வெள்ளையடிப்பின் வேதியியல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பொட்டிபுரம் முதலான போடி வட்டார ஊர்களில், விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் குடும்பங்களுக்கு, வீட்டைச் செப்பனிட ஆண்டில் கிடைக்கும் ஓய்வு சொற்பமே. ஏலக்காய் எடுப்பு ஆவணி வாக்கில் தொடங்கி மாசி வரை நீள்வதால், மலைவேலை நடந்துகொண்டிருக்கும்போதே பொங்கல் வந்துவிடுகிறது. சுவரைச் சுரண்டி, விரிசலை அடைத்து, வெள்ளையடித்து முடிப்பதெல்லாம் போகியை ஒட்டிய சில நாள்களுக்குள் அடங்கியாக வேண்டும். இவ்வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்பதில் கைவேகத்தைவிடச் சுண்ணாம்பின் இயல்புக்கே பங்கு அதிகம்.

சுண்ணாம்புக்கல்லிலும் கிளிஞ்சலிலும் பெரும்பகுதியாக இருப்பது கால்சியம் கார்பனேட் ஆகும். காளவாசலில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதைச் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு எனப்படும் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்திகளில் அடிபட்ட பொட்டிபுரத்து மலை, சிலிக்கேட் கனிமங்களால் ஆன சார்னோகைட் என்னும் கடும்பாறை என்பதால், அதை எவ்வளவு சுட்டாலும் சுண்ணாம்பு கிடைக்காது. மலையடிவாரத்திலேயே குடியிருந்தாலும் வெள்ளையடிக்கும் கல் வெளியூரிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் அது சீறிப் பொரிந்து மாவாக உதிர்ந்து, நீற்றிய சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிப்படும் வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. பிளாஸ்டிக் வாளி இளகிவிடும் என்பதால்தான் பழைய இரும்புத் தகர டின்னையோ மண்தொட்டியையோ தேடுகிறார்கள். கடும் காரத்தன்மை கொண்ட இந்தக் குழம்பு கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கக்கூடும்; உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். கல்லின் உட்பகுதி முழுவதும் நீற நேரம் பிடிக்கும் என்பதால் குழம்பை ஓர் இரவாவது ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே அடித்தால், நீறாத துகள்கள் சுவரில் ஒட்டிய பின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பூச்சைப் பொட்டுப் பொட்டாகப் பெயர்த்துவிடும். ஆகவே விடுப்பின் முதல் நாள் மாலையே நீற்றிவைப்பவருக்கு மறுநாள் முழுவதும் கையில் இருக்கும்.

மறுநாள் குழம்பைத் துணியில் வடிகட்டி, வெண்மைக்குச் சிறிது நீலமும் பிடிமானத்துக்கு வஜ்ரப் பசையோ கஞ்சியோ சேர்த்து, நார் மட்டையால் அடிக்கிறார்கள். புதிதாக அடித்த சுவர் சாம்பல் பூத்தாற்போல் மங்கலாகவே தெரியும். துகள்களுக்கு இடையே நீர் நிறைந்திருக்கும் வரை ஒளி அவ்வளவாகச் சிதறுவதில்லை, நீர் வற்றி அந்த இடத்தில் காற்று புகுந்த பிறகே ஒளி நன்கு சிதறி வெண்மை துலங்குகிறது. இது தெரியாதவர்கள் பூச்சு போதவில்லை என்று எண்ணி, ஈரத்தின் மேலேயே மறுபடியும் தடிப்பாக அடித்துவிடுகிறார்கள். பொங்கல் கழிவதற்குள் அது செதில் செதிலாக உரிகிறது. மெல்லிய இரண்டு பூச்சும், இடையில் ஒரு நாள் காய்ச்சலும் என்பதே கொத்தனார்கள் கைக்கொள்ளும் கணக்கு.

காய்வது மட்டுமே இறுகுவது ஆகாது. காற்றில் ஏறத்தாழ 0.04 விழுக்காடே உள்ள கார்பன் டை ஆக்சைடு, பூச்சின் ஈரத்தில் கரைந்து கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிய, சுவரின் மேல் மீண்டும் கால்சியம் கார்பனேட் படலமாகப் படிகிறது. அதாவது சூளையில் இழந்த வாயுவைச் சுண்ணாம்பு திரும்பப் பெற்றுக் கல்லாகிறது. இந்த வினைக்கு ஈரம் தேவை. சித்திரை வெயிலில் வெறும் சுவரில் அடித்தால் ஈரம் ஆவியாகிவிட, இறுகாத சுண்ணாம்பு சாய்ந்தவரின் சட்டையில் வெள்ளை மாவாக ஒட்டும்; மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழிக் கடைசி இதற்கு ஏற்ற பருவம் என்றாலும், அப்போதும் அடிக்குமுன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைப்பது நல்லது. டிஸ்டெம்பரோ எமல்ஷனோ பூசிய சுவரில் சுண்ணாம்பு நேரடியாகப் பிடிக்காது; பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போய்விடும். அத்தகைய வீடுகளில், கிடைக்கும் சில நாளுக்குள் முன்சுவரை மட்டும் முடித்துக்கொண்டு, மற்ற சுவர்களை எடுப்பு ஓயும் பங்குனிக்குத் தள்ளிவைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.