கப்பம் கோரும் கணனி நச்சுநிரல்: பிரதி எடுத்து வைத்தால் மட்டும் போதுமா?

2017 யூன் 27 ஆம் நாள், டென்மார்க்கின் கொப்பன்கேகன் நகரிலுள்ள மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமையகத்தில் கணனித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. சில மணி நேரத்துள் உலகெங்கும் பரந்திருந்த அதன் வலையமைப்புச் செயலிழந்தது. அலுவலகத் தொலைபேசிகள்கூட இயங்கவில்லை. துறைமுக வாயில்களில் பார ஊர்திகள் நீண்ட வரிசையில் தேங்கின. எந்தக் கொள்கலன் எங்கே செல்ல வேண்டும் என்பதை அறிய வழியின்றி ஊழியர்கள் திகைத்தனர்.

'நொட்பெற்யா' எனப் பெயர்பெற்ற இந்நச்சுநிரல், உக்ரைனில் வரிக் கணக்குகளுக்குப் பயன்படும் ஒரு மென்பொருளின் வழியாகப் பரப்பப்பட்டது. கணனியைப் பூட்டிவிட்டு 300 டொலர் பெறுமதியான பிற்கொயினைக் கப்பமாகக் கேட்டது. அது வெறும் வேடமே. கப்பம் செலுத்தினாலும் தரவுகளை மீட்க வழி இருக்கவில்லை. ரஷ்ய இராணுவமே இதனை ஏவியதாகப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் 2018 பெப்ரவரியில் குற்றஞ்சாட்டின, ரஷ்யா மறுத்தது. உக்ரைனில் அலுவலகம் வைத்திருந்ததால் மேர்ஸ்க்கும் இதில் அகப்பட்டது.

கானாவில் தப்பிய ஒன்று

மேர்ஸ்க் நிறுவனம் பிரதி எடுக்காமல் இருக்கவில்லை. எவர் எந்தக் கணனிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் 'சேர்வர்' எனப்படும் வழங்கிக் கணனிகள் அதனிடம் ஏறத்தாழ 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றவற்றின் பிரதியைத் தாங்கியிருந்தது. ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதே ஏற்பாடு. ஆனால், எல்லாம் ஒரே வலையமைப்பில் பிணைந்திருந்தமையால் நச்சுநிரல் அவற்றை ஒருசேர அழித்தது.

கானாவிலிருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கு மின்தடை ஏற்பட்டு, அந்தக் கணனி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த தரவுகளை இணையவழி அனுப்பப் பல நாட்கள் பிடிக்கும். நேரில் கொண்டுசெல்லலாமென்றால் அங்குள்ள ஊழியர் எவரிடமும் பிரித்தானிய விசா இல்லை. ஆகவே, ஒருவர் வன்தட்டுடன் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் வேறோர் ஊழியரிடம் கையளித்தார். அவர் அதனை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னரே மீட்புப் பணி முன்னேறியது. 10 நாட்களில் 4,000 வழங்கிகளும் 45,000 கணனிகளும் மீள நிறுவப்பட்டதாக நிறுவனத் தலைவர் ஜிம் ஹகமான் ஸ்னாப 2018 இல் தெரிவித்தார். இழப்பு 250 முதல் 300 மில்லியன் டொலர் வரை என நிறுவனம் மதிப்பிட்டது.

அன்று மின்தடை தற்செயலாகச் செய்த காரியத்தை வணிகர் ஒவ்வொருவரும் திட்டமிட்டுச் செய்தல் வேண்டும்.

சிறு வணிகமும் விலக்கல்ல

2021 யூலையில் சுவீடனின் 'கூப்' அங்காடிகளில் ஏறத்தாழ 800 கடைகள் மூடப்பட்டன. தாக்கப்பட்டது கூப் நிறுவனமன்று. அதன் காசுப் பொறிகளைப் பராமரித்த வெளி நிறுவனம் பயன்படுத்திய மென்பொருளே. இங்கிலாந்தில் 1865 முதல் இயங்கிய 'நைற்ஸ் ஒவ் ஓல்ட்' போக்குவரத்து நிறுவனத்தின் குழுமம், 2023 இல் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாகிச் சில மாதங்களில் வீழ்ந்தது. ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தனர்.

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் நடத்தும் மளிகைக் கடைகளும் கணக்காளர் அலுவலகங்களும் இன்று கணனியையே நம்பியுள்ளன. கணக்கு, கடன், வரி யாவும் அதற்குள் அடக்கம்.

செய்ய வேண்டியவை

தரவுகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில், எந்தக் கணனியுடனும் இணைக்கப்படாது இருத்தல் வேண்டும். எந்நேரமும் கணனியில் செருகப்பட்டிருக்கும் வன்தட்டு பாதுகாப்பான பிரதியன்று. கணனி பூட்டப்படும்போது அதுவும் பூட்டப்படும்.

எடுத்த பிரதியிலிருந்து தரவுகளை மீட்க முடிகிறதா என்பதை ஆண்டுக்கு இருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். வங்கி, காப்புறுதி நிறுவனம், பொருள் வழங்குநர், கணனி வல்லுநர் ஆகியோரின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கணனியின்றி ஒரு நாள் கடையை எவ்வாறு நடத்துவது, முதலில் எதனை மீட்பது என்பவற்றை ஊழியர்களுடன் முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க வேண்டும். மென்பொருள் திருத்தங்களைத் தள்ளிப்போடலாகாது. நொட்பெற்யா பயன்படுத்திய ஓட்டைகளுள் ஒன்றுக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது.

கப்பம் செலுத்தி மீளலாம் என்ற எண்ணமும் நம்பத்தக்கதன்று. 2021 இல் அமெரிக்காவின் 'கொலோனியல் பைப்லைன்' எரிபொருள் நிறுவனம் ஏறத்தாழ 4.4 மில்லியன் டொலர் செலுத்தியது. பெற்ற மீட்புக் கருவி மிக மெதுவாக இயங்கியதால், தனது சொந்தப் பிரதிகளையே அது நாட வேண்டியதாயிற்று.

வெளியே கழற்றி வைக்கப்படும் ஒரு வன்தட்டின் விலை, ஒரு கடையின் ஒரு நாள் வருமானத்திலும் குறைவே. வாரந்தோறும் அதில் பிரதியெடுத்து வீட்டில் வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் இன்றே ஒப்படைப்பது எமது வணிகர்களின் கடமையாகும்.