கடையில் எல்லாமே 'கிரானைட்'தான்... உண்மையில் எது கிரானைட்?

வலங்கைமான் பக்கம் போர் போட்டால் மணலும் களிமண்ணும்தான் வரும். காவிரி கொண்டுவந்து சேர்த்த மண், பாறை தட்டாது. அதனால் இங்கே வீடு கட்டுபவருக்கு ஜல்லி முதல் சமையல் மேடை வரை எல்லாக் கல்லும் லாரியில்தான் வரவேண்டும். 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது.

கல்லோடு பழக்கமில்லாததால் கடைக்காரர் 'கிரானைட்' என்றால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். சதுர அடிக் கணக்கில் காசு கொடுக்கும்போது, வாங்குவது என்ன கல் என்று தெரிய வேண்டாமா?

வியாபாரத்தில், பாலிஷ் ஏறும் கடினமான கல் எல்லாமே கிரானைட். புவியியலில் அப்படி இல்லைங்க. பாறைக்குழம்பு ஆறி இறுகினால் அது தீப்பாறை. அது எவ்வளவு மெதுவாக ஆறியது, குழம்பில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்.

பாகை அவசரப்படுத்தாமல் விட்டால்தானே பெரிய கற்கண்டு கட்டும்? பாறையும் அப்படித்தான். பூமிக்கு அடியில் மெதுவாக ஆறினால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள் வளரும். கிரானைட் அப்படிப் பிறந்தது. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், நடுவே மினுக்கும் மைக்கா எல்லாம் தனித்தனியாகத் தெரியும். சுமார் 70 சதவீதம் சிலிக்கா இருப்பதால் வெளிர் சாம்பல், இளஞ்சிவப்பு என்று நிறமும் லேசாக இருக்கும்.

குழம்பு வெளியே வழிந்து சட்டென்று ஆறினால் படிகம் வளர நேரமேது? பசால்ட் அந்த வகை. சிலிக்கா 50 சதவீதம்தான். இரும்பும் மெக்னீசியமும் அதிகம், அதனால் கருப்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த இந்தக் கல்லைக் குடைந்துதான் எல்லோரா கைலாசநாதர் கோயிலை எடுத்தார்கள். இதே குழம்பு ஆழத்தில் மெதுவாக ஆறினால் கேப்ரோ. இடைப்பட்ட ஆழத்தில், பழைய பாறையின் பிளவுகளுக்குள் புகுந்து சுவர்போல இறுகினால் டோலரைட்.

இனி கடைக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டிவனம் பக்கமிருந்து வரும் 'பிளாக் கிரானைட்' பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோதான். கிரானைட்டே இல்லை! ஆனால் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். அது அடர்த்தியான நல்ல கல். அதே அளவு கிரானைட்டைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் எடை கூட இருக்கும். எண்ணெய், தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. 'காஷ்மீர் ஒயிட்' கதை இன்னும் வேடிக்கை. அது மதுரை மேலூர் பக்கத்துக் கல். தீப்பாறைகூட இல்லை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. சிவப்புப் புள்ளியாகத் தெரிவது கார்னெட்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி ஜெட் பிளாக் என்று விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் சாயம். வெளிர் நிறக் கல் என்றால் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அந்த இடம் கருத்தால் கல் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். சீலர் பூசாமல் அடுப்பு மேடைக்குப் போடாதீர்கள், மஞ்சள் கறை போகாது.