குற்றம் குறைந்த நாடுகளில் குறையாத அச்சம்

வெளிநாடு ஒன்றில் வாழும் ஒருவர் இரவு வேலை முடிந்து தனியாக வீடு திரும்புகையில் தன்னைப் பாதுகாப்பாக உணர்கிறாரா? இக்கேள்விக்கு அந்நாட்டின் குற்றப் புள்ளிவிவரங்களைக் கொண்டு மட்டும் விடை காண முடிவதில்லை. குற்றங்கள் மிகக் குறைவு என்று பெயர் பெற்ற நாடுகளிலும், அங்கு பிழைக்க வந்தவர்களில் ஒரு பகுதியினர் அச்சத்துடனேயே வாழ்கின்றனர். அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கடந்த கால் நூற்றாண்டுக் கால நிகழ்வுகள் சில ஓரளவு தெளிவாகக் காட்டுகின்றன.

மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட, தனிநபர் பாதுகாப்பு குறித்த நகரங்களின் பட்டியலில் லக்ஸம்பர்க் முதலிடம் பெற்றது. ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழும் சுவிட்சர்லாந்தின் பாசல், பேர்ன், சூரிச் ஆகிய நகரங்கள் அதற்கு அடுத்த நிலையில் இடம்பெற்றன. பன்னாட்டு நிறுவனங்கள் தமது அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி வழங்கலாம் என்று முடிவு செய்வதற்கு இத்தகைய பட்டியல்கள் பயன்படுகின்றன. நிறுவனம் அமர்த்தித் தந்த வீட்டில் வசித்து, காரில் அலுவலகம் செல்லும் மேலாளரின் நகரமும், உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசி ரயிலுக்காகக் காத்து நிற்பவரின் நகரமும் வரைபடத்தில் ஒன்றுதான். ஆனால் அவ்விருவரும் ஒரே நேரத்தில், ஒரே தெருவில் நடப்பதில்லை.

மெல்பன் தந்த பாடம்

இந்த வேறுபாடு உலகின் கவனத்துக்கு வந்தது 2009ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில்தான். அவ்வாண்டு அந்நாட்டில் இந்திய மாணவர்களின் சேர்க்கை சுமார் 1,20,000ஐ எட்டியிருந்தது. மெல்பன் நகரில் இந்திய மாணவர்கள் மீது அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களைக் கண்டித்து, மே 31ஆம் தேதி மாணவர்கள் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தின் முன்பாகத் திரண்டு மறியலில் ஈடுபட்டனர். ஜூன் மாதத்தில் சிட்னியின் ஹாரிஸ் பார்க் பகுதியிலும் இந்திய மாணவர்கள் தெருவில் இறங்கினர். இந்தியத் தொலைக்காட்சிகள் இதை இனவெறித் தாக்குதல் என்று இடைவிடாது ஒளிபரப்பின. நடிகர் அமிதாப் பச்சன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்று தமக்கு வழங்கவிருந்த கௌரவ டாக்டர் பட்டத்தை ஏற்க மறுத்தார்.

இவை பெரும்பாலும் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திச் செய்யப்பட்ட வழிப்பறிக் குற்றங்களே என்பது விக்டோரியா மாநிலக் காவல்துறையின் ஆரம்ப நிலைப்பாடாக இருந்தது. விலையுயர்ந்த கைக்கருவிகளை வெளியில் காட்ட வேண்டாம், பொது இடங்களில் தாய்மொழியில் உரக்கப் பேச வேண்டாம் என்று அக்காவல்துறை இந்திய மாணவர்களுக்கு ஆலோசனை கூறியதும் அந்த ஆண்டில்தான். தாக்கப்பட்டவர்களையே நடத்தையை மாற்றிக்கொள்ளச் சொல்வதாக இந்த ஆலோசனை விமர்சிக்கப்பட்டது. சில தாக்குதல்களில் இனவெறி அம்சம் இருந்தது என்பதைக் காவல்துறைத் தலைமை பின்னர் ஏற்றுக்கொண்டது.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

உண்மை நிலையை அறிய ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் ஓர் ஆய்வை மேற்கொண்டது. 4 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்களின் விசா பதிவுகளை, 2005 முதல் 2009 வரையிலான காவல்துறைப் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்த அந்த ஆய்வின் அறிக்கை 2011இல் வெளியானது.

அதன் முடிவுகள் இரு தரப்பினருக்கும் முழுமையான வெற்றியைத் தரவில்லை. தாக்கிக் காயப்படுத்தும் குற்றங்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டு மாணவர்கள் பாதிக்கப்பட்ட விகிதம் ஆஸ்திரேலியப் பொதுமக்களின் விகிதத்துக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோ இருந்தது. ஆனால் கொள்ளைக் குற்றங்களில், பெரிய மாநிலங்களில் இந்திய மாணவர்கள் பாதிக்கப்பட்ட விகிதம் பெரும்பாலான ஆண்டுகளில் மாநிலச் சராசரியைவிட அதிகமாகக் காணப்பட்டது. அக்கொள்ளைகளில் கணிசமானவை பெட்ரோல் நிலையங்கள், சிறு கடைகள் போன்ற வணிக இடங்களில், அதாவது மாணவர்கள் வேலை செய்யும் இடங்களில் நடந்திருந்தன. ஒரு குற்றத்துக்கு இனவெறி காரணமா என்பதைக் காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை என்றும் அந்த அறிக்கை கூறியது.

ஆக, இந்திய மாணவர்களின் அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதும், அந்த ஆபத்து எல்லா இடங்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பதும் ஒருசேரத் தெளிவாயின. பகல் வேளையில் பல்கலைக்கழக வளாகத்தில் இல்லாத ஆபத்து, இரவில் கல்லாப்பெட்டியின் பின்னால் தனியாக நிற்பவருக்கு இருந்தது.

நேரமும் இடமும் விசாவும்

ஒரு மாணவர் அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வந்து நிற்பதற்குக் காரணங்கள் இருந்தன. சமையல், சிகை அலங்காரம் போன்ற தொழிற்படிப்புகளை முடித்தால் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற வழி அக்காலத்தில் திறந்திருந்தது. இதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தி வந்தவர்கள் பலர். வாடகை குறைந்த வீடுகள் மெல்பனின் மேற்குப் புறநகர்களான சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ் போன்ற பகுதிகளில்தான் அவர்களுக்குக் கிடைத்தன. உள்ளூர்வாசிகள் விரும்பாத பின்னிரவு வேலையும் டாக்சி ஓட்டும் பணியும் அவர்களுக்கு வாய்த்தன. வேலை முடிந்து ஆள் நடமாட்டமற்ற ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பது அன்றாட வழக்கமானது.

இதனுடன் மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. மாணவர் விசாவில் இருப்பவர் கல்விக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்ற விதி அப்போது இருந்தது. அதை மீறினால் விசா ரத்தாகும் வாய்ப்பு உண்டு. சட்டப்படியான ஊதியம் கிடைக்காதவர், செலவைச் சமாளிக்க 20 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார். அவ்வாறு உழைத்தவர், கடையில் கொள்ளை நடந்தாலும் சரி, முதலாளி ஏமாற்றினாலும் சரி, அதிகாரிகளிடம் செல்லத் தயங்கினார். தனது வேலை நேரம் குறித்த கேள்வி எழுந்துவிடும் என்பதே அவரது கவலை.

இந்தக் கவலையை முதலாளிகள் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டனர் என்பது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. செவன்-இலெவன் கடைத் தொடரின் கிளைகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்கள் 40 மணி நேரம் வேலை செய்ய வைக்கப்பட்டு, 20 மணி நேரத்துக்கான ஊதியம் மட்டுமே பெற்றதை ஆஸ்திரேலிய ஊடகங்கள் வெளிப்படுத்தின. புகார் செய்தால் நாடு கடத்தப்படுவீர்கள் என்ற மிரட்டலே அவர்களை வாய்மூட வைத்திருந்தது.

தெருவில் அமைதி, வாசலுக்குள் அச்சம்

முறையிட முடியாத நிலையே அச்சத்தின் வேர் என்பதற்கு வளைகுடா நாடுகள் இன்னும் தெளிவான சான்று. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையின் கிழக்கு மாகாணத்திலிருந்தும் பல்லாயிரக்கணக்கானோர் வேலை தேடிச் செல்லும் இந்நாடுகளில், தெருக் குற்றங்கள் மிகக் குறைவு. நள்ளிரவில் துபாயிலோ தோஹாவிலோ தனியாக நடப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அங்கு வாழ்ந்தவர்கள் பலரும் கூறும் அனுபவம்.

ஆனால் 'கஃபாலா' எனப்படும் பொறுப்பாளர் முறையின் கீழ், ஒரு தொழிலாளியின் வதிவிட உரிமை அவரைப் பணியில் அமர்த்தியவரின் கையில் இருந்து வந்துள்ளது. ஊதியம் தராத முதலாளியிடமிருந்து விலகிச் சென்றவர் மீது, அந்த முதலாளியே "ஓடிப்போனவர்" என்று புகார் பதிவு செய்ய முடியும். அப்படிச் செய்தால் வெளியேறியவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவராகி, கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாவார். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தடை செய்யப்பட்ட பின்னரும் அந்த வழக்கம் முற்றாக ஒழியவில்லை.

இவ்வகையில் மிகவும் பாதிக்கப்படக்கூடியவர்கள் வீட்டுப் பணிப்பெண்கள். அவர்களது வேலையிடம் மற்றவர் வீட்டின் உட்புறம். அங்கு நடப்பவை காவல்துறையின் கணக்குக்கு எளிதில் வருவதில்லை. கத்தார் 2020ஆம் ஆண்டில், முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறவும் நாட்டை விட்டு வெளியேறவும் வீட்டுப் பணியாளர்களுக்கும் வழி செய்தது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய தொழிலாளர் சீர்திருத்தங்களில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. குற்றம் குறைந்த நாடு என்ற பெயர், பதிவான குற்றங்களை வைத்தே தரப்படுகிறது என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

பதிவாகாத சம்பவங்கள்

மேற்கு ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு வலுவாக இருந்தாலும், அங்கும் முறையிடுவோர் குறைவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை, குடியேறியோர் மற்றும் சிறுபான்மையினர் சுமார் 25,500 பேரிடம் 2015-16இல் ஆய்வு நடத்தியது. பாரபட்சத்துக்கு ஆளானவர்களில் 12 சதவீதத்தினர் மட்டுமே கடைசியாக நடந்த சம்பவத்தை எந்த அமைப்பிடமாவது தெரிவித்திருந்தனர். புகார் செய்வதால் எதுவும் மாறப்போவதில்லை என்பது பேசாதிருந்தோர் கூறிய முக்கியக் காரணங்களில் ஒன்று.

இந்த நம்பிக்கையின்மையைப் பிரிட்டன் வேறொரு வழியில் எதிர்கொள்ள முயன்றது. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டதைக் காவல்துறை கையாண்ட விதம் குறித்து விசாரித்த மெக்ஃபர்சன் அறிக்கை, 1999இல் வெளியானது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், காவல்துறை அதை அவ்வாறே பதிவு செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. குற்றவாளியின் நோக்கத்தை நீதிமன்றம் பின்னர் முடிவு செய்யட்டும், முதலில் முறையீடு பதிவாக வேண்டும் என்பதே இதன் பொருள். மெல்பனில் பத்தாண்டுகள் கழித்து எழுந்த விவாதத்துக்கு இது முன்கூட்டியே ஒரு விடையைத் தந்திருந்தது.

எனினும் பதிவு முறை மட்டும் அச்சத்தைத் தடுத்துவிடுவதில்லை. 2024 ஜூலை 29ஆம் தேதி பிரிட்டனின் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டனர். கொலையாளி படகில் வந்த தஞ்சக் கோரிக்கையாளர் என்ற பொய்ச் செய்தி சில மணி நேரத்தில் பரவியது. உண்மையில் அவர் கார்டிஃப் நகரில் பிறந்தவர். அடுத்த சில நாட்களில் பல நகரங்களில் கலவரம் மூண்டது. ரோதரம் அருகே தஞ்சக் கோரிக்கையாளர்கள் தங்கியிருந்த விடுதி தாக்கப்பட்டது. லண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் இந்தியர்களுக்கு எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது. கலவரம் நடக்காத ஊர்களிலும் கடைகள் முன்கூட்டியே மூடப்பட்டன. ஆகஸ்ட் 7ஆம் தேதி பல்வேறு நகரங்களில் இனவெறிக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டதும், ஆயிரத்துக்கும் அதிகமானோர் கைது செய்யப்பட்டதும் நிலைமையை மாற்றின. அரசும் அண்டை வீட்டாரும் தம் பக்கம் நிற்பதைக் கண்கூடாகக் காண்பது அச்சத்தைக் குறைக்கிறது என்பதை அந்த வாரம் உணர்த்தியது.

மாறியவை, மாற வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. வெறுப்புணர்வால் தூண்டப்பட்ட குற்றமா என்பதைத் தண்டனை விதிக்கும்போது நீதிபதிகள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று விக்டோரியா மாநிலம் 2009இல் சட்டத்தைத் திருத்தியது. 2012 முதல் மெல்பன் ரயில் நிலையங்களில் மாலை 6 மணியிலிருந்து கடைசி ரயில் வரை பாதுகாப்பு அதிகாரிகளை நிறுத்தும் ஏற்பாடு தொடங்கியது. சுரண்டலுக்கு ஆளான தற்காலிகக் குடியேறிகள், முதலாளிக்கு எதிராக முறையிட்டு நாட்டில் தங்கியிருக்க உதவும் தனி விசா 2024 ஜூலையில் சோதனை முறையில் அறிமுகப்படுத்தப்பட்டது. தெருவில் வெளிச்சமும் காவலும் தருவதற்கு மூன்று ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. முறையிட்டால் விசா பறிபோகாது என்ற உறுதியைத் தருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள், அந்நாட்டில் குற்றங்கள் எவ்வளவு என்றுதான் பொதுவாக விசாரிக்கின்றன. அத்துடன் வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டியுள்ளது. அவர்கள் எந்த நேரத்தில் வேலை செய்யப் போகிறார்கள், எந்தப் பகுதியில் தங்கப் போகிறார்கள், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், ஏதேனும் நேர்ந்தால் விசாவுக்கு அஞ்சாமல் காவல் நிலையத்தின் படியேற முடியுமா என்பவையே அவை. கடைசிக் கேள்விக்கு "முடியும்" என்ற விடையைத் தரும் கடமை, குடியேறிகளின் உழைப்பைப் பெற்றுக்கொள்ளும் நாடுகளுக்கும் அவர்களை அனுப்பி அந்நியச் செலாவணி ஈட்டும் நாடுகளுக்கும் உண்டு.