மூச்சுக்குள் ஓயாத போர்

ஹலப்ஜாவின் துயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னரே ஸர்தஷ்த் எரிந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இராக் எல்லையை ஒட்டி, ஈரானின் வடமேற்கில் உள்ள குர்து மக்களின் ஊர் அது. 1987 ஜூன் 28 அன்று சதாம் ஹுசைனின் விமானங்கள் அதன் குடியிருப்புகள் மீது கடுகு வாயுக் குண்டுகளை வீசின. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் அந்நஞ்சைச் சுவாசித்தனர். அதற்கான மூலப்பொருளை இராக்கிற்கு விற்ற டச்சு வணிகர் ஃபிரான்ஸ் வான் அன்ராட்டைச் சிறைக்கு அனுப்ப 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

கடுகு வாயு பெயரளவில்தான் வாயு. உண்மையில் எண்ணெய் போன்ற திரவம். கடுகுக்கும் அதற்கும் மணத்தைத் தவிர உறவில்லை. பட்டவுடன் வலிக்காது என்பதே அதன் வஞ்சகம். சில மணி நேரம் கழித்தே கண் எரியும், தோல் கொப்புளிக்கும், இருமல் தொடங்கும். 1988 ஆகஸ்டில் போர் ஓய்ந்தது. மேனியின் புண்களும் ஆறின. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்கு மூச்சுத் திணறல் கூடிற்று. அன்று பெரிதாக ஒன்றும் இல்லையென்று கருதப்பட்டவர்களும் இவர்களுள் அடங்குவர்.

ஏன் இப்படி? விஞ்ஞானம் பயிலாத என் போன்றோருக்கு ஓர் உவமை உதவும். மதரஸாவில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே கிதாபு இருக்கும். அவரவர் தத்தம் பாடத்தையே விரித்து ஓதுவர். நம் உயிரணுக்களிலும் மரபணுக்கள் என்னும் கிதாபு முழுமையாக இருக்கிறது; தேவையான பக்கமே ஓதப்படுகிறது. காயம் பட்டால், அதை ஆற்றும் பக்கம் விரியும். ஆறியதும் மூடப்பட வேண்டும்.

கடுகு வாயு அந்தக் கிதாபின் ஏடாகிய டி.என்.ஏ.விலேயே ஒட்டிக்கொண்டு அதனைச் சிதைக்கிறது. நஞ்சு பட்டு இருபது ஆண்டுகள் கடந்தோரின் மூச்சுக்குழாயிலிருந்து சிறு திசுவை எடுத்து ஈரானிய ஆய்வாளர்கள் சோதித்தனர். அப்பக்கம் இன்னும் மூடப்படவில்லை! தழும்பை உண்டாக்கும் டி.ஜி.எஃப். பீட்டா என்னும் புரதத்தின் மரபணு அளவு மீறி இயங்கிக்கொண்டிருந்தது. நஞ்சு உடலை விட்டு என்றோ அகன்றுவிட்டது. அதை எதிர்த்து எழுந்த உடல்தான் இன்னும் ஓயவில்லை.

நுரையீரலின் மிக நுண்ணிய காற்றுக்குழல்களில் இவ்வாறு தழும்பு படிந்து வழி குறுகுகிறது. உறிஞ்சு மருந்துகள் மூச்சைச் சற்று இலேசாக்கும். குறுகிய குழலை முன்போல் விரித்துத் தரும் மருந்து இல்லை. நோய் முற்றியவர்கள் வீட்டிலேயே பிராணவாயு உருளையின் அருகில் நாளைக் கழிக்கின்றனர்.