தறியின் ஓசையும் நெசவாளர் செவியும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுச்சபைக் கூட்டத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். தலைவர் முகவுரை கூறி அமர்கிறார். காரியதரிசி வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறார். முன் வரிசையில் இருப்போர் இடையிடையே கேள்விகள் கேட்கின்றனர். பின் வரிசையில், முப்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டிய முதியவர் ஒருவர் கையைக் காதோரம் குவித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். எல்லோரும் கை தூக்கும்போது தாமும் தூக்குகிறார். எத்தீர்மானத்துக்காகத் தூக்கினோம் என்பதை அவர் அறியார். அருகில் இருப்பவரைக் கேட்கவோ வெட்கம். "தறிக்காரர் காது அப்படித்தான் இருக்கும்" என்று மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

அச்சிரிப்பில் ஒரு பெரும் பிழை அடங்கியிருக்கிறது. செவிட்டுத் தன்மை தறித் தொழிலுடன் பிறந்த தலையெழுத்து என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது வருமுன் தடுக்கக்கூடிய தீங்கு; வந்தபின் எந்த வைத்தியராலும் நீக்க இயலாத தீங்கு. அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் உயிர்நாடி. வாசிக்கப்படுவது செவியில் விழாதவருக்கு அவ்வாக்கினால் விளையும் பயன் என்ன? ஆகவே, அங்கத்தினரின் செவியைக் காப்பது சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.

பிற நாட்டார் கண்ட உண்மை

இத்தீங்கு புதிதன்று. இத்தாலி நாட்டு வைத்தியர் பெர்னார்தினோ ரமாஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வெனிஸ் நகரில் நாள் முழுவதும் செம்பைத் தட்டிப் பாத்திரம் செய்யும் கன்னார்கள் முதுமையில் செவிடாகிவிடுவதை எடுத்துக் காட்டினார். 1886ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற வைத்தியர், கப்பல்களுக்குக் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் காதுகளைப் பரிசோதித்தார். அந்நூறு பேருள் ஒருவருக்கேனும் செவிப்புலன் செம்மையாக இல்லை. பொதுக் கூட்டங்களில் பேசுவதைக் கேட்க முடிகிறதா என்றும் அவர் வினவினார். ஏறக்குறைய முக்கால் பங்கினர் இடர்ப்படுவதாகக் கூறினர்.

நெசவுத் தொழிலின் கதையும் இதுவே. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறிகளின் பேரிரைச்சலிடையே வாய்ப்பேச்சு எடுபடாமையால், தொழிலாளர்கள் உதடுகளை மிகைப்பட அசைத்தும் சைகை காட்டியும் பேசப் பழகிக்கொண்டார்கள். பார்ப்போர் அதை வேடிக்கையாகக் கருதினர். ஆனால், பல ஆண்டுகள் கழித்துத் தறிக்கூடத்துக்கு வெளியிலும் அவ்வுதட்டசைவே அவர்களுக்குத் துணையாயிற்று.

வங்காளத்தில் விளைந்த சணலை நெய்து பெயர் பெற்ற ஊர் ஸ்காத்லாந்தின் டண்டீ. அவ்வூர்ச் சணல் ஆலைகளில் தறிகளும் அவற்றின் ஓசையும் நெடுங்காலம் மாறாதிருந்தன. ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைச் செய்துவந்த பெண்கள் பலர் இருந்தனர். வில்லியம் டெய்லர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இப்பெண்களின் செவிப்புலனை அளந்து 1965ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கூடத்தின் ஓசை ஏறக்குறைய 100 டெசிபல். உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் ஆற்றல், வேலையில் சேர்ந்த முதற் பத்து, பதினைந்து ஆண்டுகளிலேயே விரைந்து குறைந்திருந்தது. பேச்சு ஒலிகளைக் கேட்கும் ஆற்றல் அதன் பின்னரே மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவ்வூர் நெசவாளப் பெண்களைப் பற்றி 1971ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், பத்துப் பேருக்கு ஏழு பேர் பொதுக் கூட்டங்களில் பேசுவதைக் கேட்க இடர்ப்படுவது தெரியவந்தது. கிளாஸ்கோவில் கண்டதற்கும் டண்டீயில் கண்டதற்கும் இடையே எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றிருந்தன. தொழிலாளரின் நிலை மட்டும் மாறவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. காது கேட்கவில்லை என்று ஒருவர் ஐம்பதாம் வயதில் முறையிடுகிறார் என்றால், அந்நட்டம் இருபதாம் வயதிலேயே தொடங்கிவிட்டது. காப்பு வேண்டுவது முதியவருக்கு மட்டுமன்று. இன்று புதிதாகத் தறியில் நிற்கும் இளைஞருக்கே அது முதலில் வேண்டும்.

செவியினுள் நிகழ்வது

உட்செவியில் நத்தையின் ஓட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலியின் அதிர்வை உணர்ந்து மூளைக்கு அறிவிப்பவை இவையே. வயல் வரப்பின் புல்லை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை மிதித்தால் சாய்ந்து, மறுநாள் நிமிர்ந்துவிடும். நாள்தோறும் மிதித்தால் ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் காது அடைத்தது போல் இருப்பதும், ‘கொய்’ என்று இரைவதும் சாய்ந்த புல்லின் அடையாளங்கள். காலையில் அவை நீங்கிவிடுவதால் தீங்கொன்றும் இல்லையென்று நாம் அமைதியடைகிறோம். பறவைகளுக்கு இம்மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை.

நோவு இல்லை, சீழ் இல்லை, இரத்தம் இல்லை. ஆகையால் இந்நட்டம் களவு போவது போல் நிகழ்கிறது. முதலில் அழிபவை உயர்ந்த சுருதியை உணரும் அணுக்கள். பேச்சில் க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துக்களைப் பிரித்தறிய உதவுபவை அவையே. உயிரெழுத்துக்களின் ஓசை நன்றாகவே கேட்கும். ஆகவே ‘பேசுவது கேட்கிறது; இன்னதென்று விளங்கவில்லை’ என்ற நிலை உண்டாகிறது. ‘பட்டு’ என்றாலும் ‘கட்டு’ என்றாலும் ஒன்றாகவே ஒலிக்கும். குழந்தைகளின் மழலையும் பெண்களின் மெல்லிய குரலும் முதலில் நழுவிப் போகின்றன. காதொலிக் கருவி பெரிதும் துணை செய்யும் என்பது உண்மை; எனினும் அது ஒலியை உரக்கத் தருமேயன்றி, இழந்த தெளிவு முழுவதையும் மீட்டுத் தராது.

எவ்வளவு ஓசை, எவ்வளவு நேரம்?

ஓசையை டெசிபல் என்ற அளவினால் குறிப்பர். இவ்வளவு சாதாரணக் கணக்கைப் போன்றதன்று. 3 டெசிபல் ஏறினால் செவியைத் தாக்கும் ஒலியாற்றல் இரு மடங்காகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பதை எல்லையாகக் கொண்டால், 88 டெசிபலுக்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி நேரமே தகும். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998ஆம் ஆண்டில் வகுத்த அளவு இது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்ற எல்லையே வழங்கிவந்தது. நாடா ஓடும் விசைத்தறிகள் பல நெருங்கி நிற்கும் கூடத்தில் 95 முதல் 100 டெசிபல் வரையிலும் அதற்கு மேலும் ஓசை இருப்பது இயல்பு. எந்த எல்லையைக் கொண்டாலும் நம் கூடங்கள் அதைக் கடந்தே நிற்கின்றன.

கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தால், அவ்விடத்தின் ஓசை தீங்கு தரும் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். கைப்பேசியில் ஓசை அளக்கும் செயலிகளும் உள்ளன. அவை தோராயமாக நிலைமையை உணர்த்தும்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் இது தறிக்காரர் கவலை என்று ஒதுங்கிவிட வேண்டாம். மூடிய இருக்கையறை இல்லாத டிராக்டர், கதிரடிக்கும் யந்திரம், நெல் அரைக்கும் யந்திரம், பழைய எண்ணெய் எஞ்சின் ஆகியவற்றின் அருகே நெடுநேரம் நிற்போருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

பிறப்பிடத்திலேயே குறைத்தல்

ஓசையைத் தடுக்கும் முதல் இடம் காதன்று, யந்திரமே. விசைத்தறியில் பெரும் ஓசை, நாடாவைக் கட்டை அடித்து ஓட்டும்போதும், ஓடிவந்த நாடா பெட்டியில் மோதி நிற்கும்போதும், ஊடையை அச்சு அறைந்து நெருக்கும்போதும் பிறக்கிறது. தேய்ந்த பிக்கர், தளர்ந்த மரையாணி, எண்ணெய் காணாத பற்சக்கரம் ஆகியவை அவ்வோசையைப் பெருக்குகின்றன. இவற்றைக் காலத்தில் மாற்றிச் சீர்செய்தால் ஓசையும் குறையும், நூல் அறுவதும் குறையும். தறியின் அடியில் ரப்பர் மெத்தை இட்டால், தரை வழியே பரவும் அதிர்வு தணியும். நாடா இல்லாத புதுவகைத் தறிகளில் ஓசை பொதுவாகக் குறைவு. எனினும் அளந்து பாராமல் தீங்கில்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

அடுத்தது கூடம். வெறுஞ்சுவரும் தகரக் கூரையும் ஓசையை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. ஓசையை உறிஞ்சும் பலகைகளைக் கூரையின் கீழும் சுவரிலும் அமைத்தால் எதிரொலி தணியும். பஞ்சுத்தூசி படியும் இடமாகையால், தீப்பற்றாத பொருளாகவும் துடைத்துச் சுத்தம் செய்யத்தக்கதாகவும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தார் சுற்றுதல், துணி மடித்தல், கணக்கெழுதுதல் ஆகிய வேலைகளுக்குத் தறியோசை தேவையில்லை. அவற்றை வேறு அறைக்கு மாற்றிவிடலாம். வீடும் தறிக்கூடமும் ஒரே கூரையின் கீழ் உள்ள ஊர்களில், குழந்தையின் தூளியைத் தறியருகே கட்டும் வழக்கத்தை இன்றே விட்டுவிடவேண்டும். தாய் எட்டு மணி நேரம் கேட்கும் ஓசையை அக்குழந்தையும் கேட்கிறது.

காதடைப்பு

இவற்றுக்குப் பின்னும் எஞ்சும் ஓசைக்குக் காதடைப்பே துணை. பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வது மனத்திருப்திக்கே உதவும்; ஓசையை அது போதிய அளவு தடுப்பதில்லை. இதற்கெனச் செய்த நுரையடைப்புகள் சிறு விலைக்குக் கிடைக்கின்றன. சுத்தமான கையால் அடைப்பை மெல்லிய திரி போல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேற்பகுதியைச் சற்று மேலும் பின்னுமாக இழுத்து, அடைப்பை உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயன் மிகக் குறைவு. காதில் சீழ் வடிவோர் அடைப்பை இடாமல் வைத்தியரைக் காணவேண்டும்.

காதை அடைத்துக்கொண்டால் தறியின் கோளாறு தெரியாது என்பார் சிலர். அடைப்பு தறியோசையையும் பேச்சையும் ஒருங்கே குறைக்கிறது. ஆகவே சில நாள் பழகியபின் தறியின் குறையைக் கேட்டறிவதில் பெரும் இடர் இராது. முக்கியமானது வேறொன்று. 30 டெசிபல் குறைக்கவல்ல அடைப்பை, எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கூடத்திலேயே கழற்றி வைத்தாலும், அந்நாள் முழுவதற்கும் கிடைத்த காப்பு 12 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். கழற்ற வேண்டுமானால் கூடத்துக்கு வெளியே சென்று கழற்றுக.

சங்கம் செய்யத்தக்கவை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 1987ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, ஓசையினால் வரும் செவிப்புலன் இழப்பு அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தொழில் பாதுகாப்புக்கான 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பிலும் அது இடம் பெற்றுள்ளது. எனினும் நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு கூடங்களுக்குச் சட்டத்தின் கை பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே கூட்டுறவின் கை எட்டவேண்டும்.

முதலாவதாக, ஓசை அளக்கும் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி, அங்கத்தினரின் கூடங்களை ஆண்டுக்கொருமுறை அளந்து குறித்துவைக்கலாம். இரண்டாவதாக, காதடைப்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, நூலுடன் சேர்த்தே வழங்கலாம். மூன்றாவதாக, தறியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் வேலை தொடங்குமுன் அரசு மருத்துவமனையின் காது வைத்தியரிடம் செவிப்புலன் சோதனை செய்வித்து, அத்தாளைச் சங்கத்தில் காத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சோதனைக்கு முன்னே ஓரிரவேனும் காது ஓசையின்றி ஓய்ந்திருத்தல் அவசியம். பேச்சில் குறை தோன்றுமுன்பே, 4,000 சுழற்சிகளையொட்டிய உயர் சுருதியில் விழும் பள்ளத்தை அச்சோதனை காட்டிவிடும். நான்காவதாக, தறி வேலையையும் அமைதியான வேலையையும் முறைவைத்து மாற்றிக் கொடுக்கலாம்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. தறிக்குப் புதுப் பிக்கர் வாங்கக் கணக்குப் பார்க்காத நாம், காதுக்கு அடைப்பு வாங்கக் கணக்குப் பார்த்தல் தகாது. தறியின் உறுப்பு தேய்ந்தால் மாற்றுறுப்புக் கடையில் கிடைக்கும்.

அடுத்த பொதுச்சபையில் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு ஒவ்வோர் அங்கத்தினரும் காரியதரிசிக்கு எழுதுவாராக. பின் வரிசையில் கை குவித்து அமர்ந்திருக்கும் முதியவரை அன்று முன் வரிசைக்கு அழைத்து அமர்த்துவோம். தீர்மானத்தை அவர் முகம் பார்த்து, நிறுத்தி, தெளிவாக வாசிப்போம். அவர் இழந்ததை நம்மால் மீட்டுத் தர இயலாது. அவருடைய தறியில் இன்று நிற்கும் அவர் மகனின் செவி இன்னும் நம் கையில் இருக்கிறது.