பெட்டியைத் திறக்கும் வேளை

விழாவுக்கு வாரக்கணக்கில் முன்பே ஐசிங் குக்கீகளைச் செய்து ஃபிரீசரில் வைத்துவிடலாம். ஆபத்து காத்திருப்பது வெளியே எடுத்த பிறகுதான்.

காலை 6 மணி. மும்பை செம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. சாப்பாட்டு மேஜை மீது 150 குக்கீகள் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி வெள்ளைச் சட்டை. நடுவில் சிவப்பு எழுத்தில் குழந்தையின் பெயர். பெயர் சூட்டும் விழா 10 மணிக்கு. இரண்டு வாரம் முன்பே செய்து, உறைய வைத்து, அப்போதுதான் வெளியே எடுத்திருந்தார் என் அண்ணி. எடுத்த கையோடு பெட்டிகளையும் திறந்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் குக்கீகள் வியர்க்க ஆரம்பித்தன. ஏழு மணிக்குள் சிவப்பு எழுத்துகள் வெள்ளையில் இறங்கின. எட்டு மணிக்கு 150 சட்டைகளும் ரோஸ் கறையோடு பிசுபிசுத்துக் கிடந்தன. "சாயம் போற புடவையோட வெள்ளை வேட்டியை ஊறப் போட்ட மாதிரி ஆயிடுச்சு, தம்பி" என்றார் தொலைபேசியில். ஒன்றுக்கு 80 ரூபாய் என்று பேசி 6,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அன்று மாலையே அதைத் திருப்பிக் கொடுத்தார். வெண்ணெயும் சர்க்கரையும் மூன்று இரவுத் தூக்கமும் தனிக் கணக்கு.

இது அண்ணி ஒருவரின் கதை அல்ல. 2020 ஊரடங்குக்குப் பிறகு நகரங்களில் வீட்டு அடுக்களையையே பேக்கரி ஆக்கிக்கொண்ட பெண்கள் ஏராளம். பிறந்தநாள், வளைகாப்பு, நிச்சயதார்த்தம், கிறிஸ்துமஸ் என்று எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிய குக்கீ கேட்கிறார்கள். ஆனால் இவர்களிடம் இருப்பது மேஜை மேல் வைக்கும் ஒரு சின்ன அவன். ஒரு தட்டுக்கு ஒரு டஜன் குக்கீ வைத்தாலே அதிகம். ஐசிங் பூசுவதோ அதைவிட நிதானமான வேலை: முதலில் ஓரக்கோடு, பிறகு உள்ளே நிரப்பல், அது காய்ந்த பின் மேலே எழுத்து. 150 குக்கீகளை முதல் நாள் உட்கார்ந்து முடிக்க முடியாது. முன்கூட்டியே செய்து வைப்பது இங்கே வசதி இல்லை, கட்டாயம்.

நம் நாட்டு கேக் மரபுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. 1883இல் தலசேரியில் மாம்பள்ளி பாபு செய்து கொடுத்த கிறிஸ்துமஸ் கேக் முதல் இன்றைய பிளம் கேக் வரை, அந்த வகை வைக்க வைக்க ருசி கூடுவது. மதுவில் ஊறிய பழங்களே அதைக் காக்கும். முறுக்குக்குக் காற்றுப் புகாத டின் போதும். ஐசிங் குக்கீக்கு ருசி மட்டும் இருந்தால் போதாது. அது பார்வைக்கு விற்கிற பண்டம்.

இத்தனை நுட்பமான அலங்காரம் மைனஸ் 18 டிகிரி குளிரைத் தாங்குமா? தாராளமாகத் தாங்கும். முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடிக்கும் 'ராயல் ஐசிங்', முழுக்கக் காய்ந்த பிறகு ஏறக்குறைய வெறும் சர்க்கரைதான். அதில் நீர் மிகக் குறைவு. நன்றாக வெந்த குக்கீயிலும் அப்படியே. நீர் இருந்தால்தானே பனிக்கட்டி உருவாகும். பனிக்கட்டி உருவானால்தானே விரிசல் வரும்? அதனால் ஃபிரீசருக்குள் இருக்கும்வரை குக்கீக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒன்றிரண்டு மாதம்கூடத் தாங்கும்.

கெடுவது வெளியே வந்ததும்தான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே சமாச்சாரம். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிறது. டம்ளரைத் துடைத்துவிடலாம். சர்க்கரை அந்த நீரைக் குடித்துக் கரையும். சிவப்பு, கறுப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான சாயங்கள் கரைந்த சர்க்கரையோடு பக்கத்து வெள்ளைக்குள் நடக்கும். மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் டிசம்பரில்கூட இதற்குத் தேவையான ஈரம் காற்றில் இருக்கிறது.

பரிகாரம் எளிது. பெட்டியை மூடியபடியே வெளியே எடுத்து மேஜை மேல் வைத்துவிட வேண்டும். வியர்வை பெட்டியின் வெளிப்புறத்தில் படியட்டும். உள்ளே இருக்கும் குக்கீ அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஒரு துளி ஈரமும் ஒட்டாது. சின்னப் பெட்டிக்கு நான்கு மணி நேரமாவது ஆகும். அடுக்கடுக்காக நிரம்பிய பெட்டிக்கு ஓர் இரவு. காலை 10 மணி விழாவுக்கு முந்தின இரவே எடுத்துவிட வேண்டும். பெட்டியின் வெளிப்புறம் காய்ந்து, தொட்டால் சில்லிப்பு தெரியாமல் இருப்பதுதான் அடையாளம்.

இதற்கு முந்தைய வேலைகளிலும் கவனம் வேண்டும். முதலாவது, காய்தல். மேல் தோல் காய்ந்ததும் ஐசிங் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அடியில் ஈரம் இருக்கும். 24 மணி நேரம் விடுவது நல்லது. மழைக்காலத்தில் ஏசி அறையிலோ மின்விசிறிக்கு அடியிலோ காயவைக்கலாம். இரண்டாவது, கட்டுதல். உறுதியான, காற்றுப் புகாத டப்பாவில் ஒற்றை அடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே பட்டர் பேப்பர் போட வேண்டும். டப்பாவை மறுபடி ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி மூட வேண்டும். இந்த இரட்டைக் கவசம் எதற்கு? வெண்ணெய் அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். மும்பை ஃபிரீசர்களில் பொம்பில் மீனும் குடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மூன்றாவது, இடம். ஃபிரீசர் கதவுப் பக்கம் வேண்டாம். திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டும் வேண்டாம். அங்கே ஈரம் அதிகம், குக்கீ நமுத்துப்போகும்.

எல்லாக் குக்கீயும் ஃபிரீசருக்கு ஏற்றதல்ல. வெண்ணெய் கலந்த கிரீம் காயவே காயாது. அடுக்கி வைத்தால் நசுங்கும். சாயம் பூசிய சர்க்கரை முத்துகள் லேசான ஈரத்திலேயே கறை விடும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு, கறுப்பு எழுத்து என்றால், எழுத்தை மட்டும் கடைசி இரண்டு நாளுக்கு ஒத்திப்போடுவது புத்திசாலித்தனம். சந்தேகம் இருந்தால் ஐந்து குக்கீயை மட்டும் உறைய வைத்து எடுத்துப் பார்த்துவிடலாம். விழாவுக்கு ஒரு வாரமே இருந்தால் ஃபிரீசரே தேவையில்லை. நன்றாகக் காய்ந்த குக்கீ மூடிய டின்னில் அதுவரை தாராளமாக இருக்கும்.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு: ஃபிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருந்தால் குளிர் அதை நம்பகமாகக் கொல்லாது, அடக்கித்தான் வைக்கும். குழந்தைகள் சாப்பிடும் பண்டத்துக்குப் பதப்படுத்திய முட்டை வெள்ளைப் பொடியே சரி. முட்டையே ஆகாத ஜைன, குஜராத்தி வாடிக்கையாளர்களுக்கும் வழி இருக்கிறது. கொண்டைக்கடலை வேகவைத்த நீரை அடித்தால் வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கும் என்று 2014இல் பிரான்ஸின் ஜோயல் ரோசெல் காட்டினார். அந்த ஐசிங்கும் கெட்டியாகக் காயும். காய்ந்தால் உறையவும் செய்யும்.

மின்சாரம் போனால்? 2020 அக்டோபர் 12 அன்று மும்பையே மணிக்கணக்கில் இருண்டது. நிரம்பிய ஃபிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் இரண்டு நாள் குளிரைக் காக்கும். பாதி நிரம்பியது ஒரு நாள். இங்கேயும் பாடம் ஒன்றுதான்: திறந்து பார்க்கிற கைதான் எதிரி. ஒருமுறை இளகிய குக்கீகளை மறுபடி உறைய வைக்கவும் கூடாது. இரண்டாவது முறை வியர்க்கும் வாய்ப்பைத்தான் அது தரும்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த பின் நான்கு மாதம் அண்ணி ஐசிங் குக்கீக்கு ஆர்டர் எடுக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சாதா நான்கட்டாய் மட்டும் செய்து கொடுத்தார். டிசம்பரில் கீழ்வீட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு 200 நட்சத்திரம் கேட்டபோது ஒரு நாள் யோசித்துத்தான் சரி என்றார். 23ஆம் தேதி இரவு நான் போனபோது மேஜை மேல் எட்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன, வெளியே முத்து முத்தாக வியர்த்தபடி. ஒன்றின் மூடியைத் தொட்டேன்.

"கையை எடுங்க தம்பி" என்றார் அண்ணி. "காலைல பார்த்துக்கலாம்."

காலையில் திறந்தார். 200 நட்சத்திரங்களும் வெள்ளையாகவே இருந்தன. கோணலாக இருந்த ஒன்றை மட்டும் எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, மீதியை எண்ண ஆரம்பித்தார்.