சுவிஸ் தேசத்துப் பூட்டு

சென்ற இதழில் டப்ளின் நகரத்துக் கணினிக் கிடங்கின் கதையைப் பார்த்தோம். அங்கே கிடந்த அஞ்சல்களை மைக்ரோசாஃப்ட் ஒப்படைக்க வேண்டுமென்று நியூயார்க்கில் 2013-ஆம் ஆண்டு பிறந்த உத்தரவு, வழக்காக வளர்ந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, தீர்ப்பு வருமுன்பே, 2018 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய புதுச் சட்டம் ஒன்றினால் வேலையற்றுப் போனதையும் அறிந்தோம். அமெரிக்கக் கம்பெனியின் கைவசமுள்ள தகவல் பூமியின் எந்த மூலையில் கிடந்தாலும், முறைப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். அப்படியானால் அமெரிக்க சம்பந்தமே இல்லாத கம்பெனியாகப் பார்த்துச் சேர்ந்துவிட்டால் ஆயிற்று என்று வாசகர் நினைப்பது இயல்பே. அந்த நினைப்பு வழக்கமாகப் போய்த் தங்கும் சத்திரம் சுவிட்சர்லாந்து.

பணத்தையும் ரகசியத்தையும் ஒரே பெட்டகத்தில் வைத்துக் காக்கும் தேசமென்று தலைமுறைகளாகப் பெயர் வாங்கிய அந்த நாட்டில், ஜெனீவாவின் எல்லையில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் சந்தித்துக்கொண்ட விஞ்ஞானிகள் சிலர் 2014-இல் புரோட்டான் மெயில் என்னும் மின்னஞ்சல் ஸ்தாபனத்தை ஆரம்பித்தபோது, கடிதங்களைக் கம்பெனியாரே படிக்க இயலாதவாறு சங்கேதமாக்கி வைக்கும் அவர்களது வித்தையைக் காட்டிலும், பெயர்ப்பலகையில் இருந்த சுவிஸ் என்னும் சொல்லே பலருக்கு அதிக ஆறுதல் அளித்தது என்பது என் அபிப்பிராயம்.

2021 செப்டம்பரில் அந்த ஆறுதல் கலைந்தது. பாரிஸ் மாநகரில் கட்டடங்களுக்குள் புகுந்து மறியல் செய்துவந்த பருவநிலைப் போராட்டக்காரர் குழு ஒன்று புரோட்டான் முகவரியைப் பயன்படுத்தி வந்தது. பிரெஞ்சுப் போலீஸார் ஜெனீவாவுக்கு நேரே எழுதிக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திராது; அந்நிய சர்க்காருக்கு சுவிஸ் மண்ணிலிருந்து நேரடியாக இவ்வாறு ஒத்தாசை செய்வது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 271-ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே அவர்கள் யூரோபோல் வழியாக சுவிஸ் அதிகாரிகளை அணுகினார்கள். அவர்களோ கோரிக்கையைப் பரிசீலித்து, தங்கள் சட்டத்துக்கு உட்பட்டதே என்று கண்டு, தங்கள் பெயரிலேயே உத்தரவிட்டார்கள். அதன்பின் கம்பெனி அந்தக் கணக்கு இணையத்தில் எங்கிருந்து திறக்கப்படுகிறது என்பதைக் காட்டும் ஐ.பி. முகவரியைக் குறித்துவைத்துக் கொடுத்தது. மேல்முறையீட்டுக்கு வழி இல்லாதிருந்தது என்று அதன் தலைவர் ஆண்டி யென் பின்னர் விளக்கமளித்தார்.

கடிதங்களின் உள்ளடக்கம் போகவில்லை, போக வழியுமில்லை. ஆனால் உறையை அரக்கு வைத்து ஒட்டினாலும் அதன்மேல் விழும் தபால் முத்திரை எந்த ஊரில் போடப்பட்ட கடிதம் என்பதைச் சொல்லிவிடுவதுபோல, ஐ.பி. முகவரியும் ஆளைத் தேடுகிறவர்களுக்கு வேண்டிய அளவு சொல்லிவிடும்.

இதில் சுவிஸ் சட்டம் எங்கும் மீறப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நியன் நேரே வந்து கதவைத் தட்டக் கூடாது, உள்ளூர்க்காரன் வழியாகத்தான் வரவேண்டும் என்று அது சொன்னது, அவ்வாறே வந்தான். அந்தச் சுற்றுவழியால் பயனில்லை என்றும் நான் சொல்லமாட்டேன்: அற்பக் காரணங்களுக்காகக் கேட்பவர்கள் பாதிவழியில் சலித்துத் திரும்பக்கூடும். அதே ஆண்டு அக்டோபரில், மின்னஞ்சல் கம்பெனிகளைத் தொலைபேசிக் கம்பெனிகளோடு ஒன்றாக வைத்து, தகவல் சேமிக்கும் கடமையை அவற்றின்மேல் சுமத்தக் கூடாதென்று சுவிஸ் நிர்வாக நீதிமன்றம் புரோட்டானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் உண்டு.

சுவிஸ் நடுநிலைமையைப் பற்றிப் பேசும்போது ட்ஸூக் மாகாணத்தை மறந்துவிடுவதற்கில்லை. அங்கே கிரிப்டோ ஏ.ஜி. என்னும் கம்பெனி செய்து விற்ற சங்கேத யந்திரங்களை, இந்தியாவும் பாகிஸ்தானும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள், நடுநிலை நாட்டுச் சரக்கு என்று நம்பி வாங்கின. 1970 முதல் அதன் ரகசிய முதலாளிகளாக இருந்தவர்கள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத் துறையும்தான் என்பது 2020 பிப்ரவரியில் முழுமையாக அம்பலமாயிற்று. அங்கே விற்பனையானது யந்திரமா, தேசத்தின் பெயரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஸ்வீடனில் கிடைக்கிறது. உளவுச் செய்திகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பதினான்கு தேசங்களின் கூட்டத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுவதால், விஷயமறிந்தவர்கள் ‘அங்கே போகாதே’ என்று எச்சரிக்கும் நாடு அது. இணையத்தில் உலவுபவரின் ஐ.பி. முகவரியை மறைத்துக் கொடுக்கும் முல்வாட் என்னும் வி.பி.என். கம்பெனியின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்கு 2023 ஏப்ரல் 18 அன்று குறைந்தபட்சம் ஆறு போலீஸார், ஜெர்மானிய வழக்கொன்றின் பொருட்டு, சோதனை உத்தரவோடு வந்தார்கள். வாடிக்கையாளர் விவரமுள்ள கணினிகளை எடுத்துச் செல்வது நோக்கம். அக்கம்பெனியில் வாடிக்கையாளர் என்பவர் பதினாறு இலக்க எண் மாத்திரமே. பெயரும் கேட்பதில்லை, மின்னஞ்சலும் கேட்பதில்லை, சந்தாவை உறையிலிட்டு ரொக்கமாகவும் அனுப்பலாம். தேடிவந்தது அங்கே இல்லையென்பதை எடுத்துச் சொன்ன பிறகு, போலீஸார் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மின்னஞ்சல் கம்பெனி அவ்விதம் துறவியாக முடியாது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். வந்த கடிதத்தை உரியவர் திறக்கும்வரை அது வைத்திருந்தே ஆகவேண்டும், உறையின்மேல் முகவரி இல்லாமல் கடிதம் போய்ச் சேராது.

பாரிஸ் விவகாரத்துக்கு முன்பு புரோட்டானின் முகப்பில், ‘வழக்கமாக’ ஐ.பி. முகவரிகளைக் குறித்துவைப்பதில்லை என்று பொருள்படும் வாக்கியம் ஒன்று இருந்தது. படித்தவர்களில் எத்தனை பேர் அந்த முதற்சொல்லில் நின்று யோசித்தார்களோ தெரியாது. செய்தி வெளிவந்த சில தினங்களுக்குள் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள்.